மறைய மறுத்த நகல்

கதவைத் தட்டியதும் உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது.

அண்ணி கையை உயர்த்தி வாலுவை அங்கேயே நிறுத்தினார். மறுபடி தட்டினார். இந்த முறை நாற்காலி நகரும் ஓசையும், யாரோ செருப்பைத் தேடும் ஓசையும் மட்டும் கேட்டன.

"கேட்டியா?"

"கேட்டேன் அண்ணி. மனுஷன் நம்மளைப் பார்க்கிறதுக்கு முன்னாடியே பல்லைக் கடிக்கிறார்."

"சுவிட்சை அணைக்கிறார்," என்றார் அண்ணி. சொன்ன கையோடு அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து மறைந்தது. அந்தச் சிரிப்பு வந்துவிட்டால் இன்னும் கொஞ்ச நேரத்தில் தனக்கு ஏதோ ஒரு கேவலமான வேலை காத்திருக்கிறது என்பது வாலுவுக்குத் தெரியும்.

அண்ணி தனியாகத் துப்பறியும் அலுவலகம் நடத்துகிறவர். வாலு அவருடைய கணவரின் தம்பி. சின்ன வயதில் ஒரு இடத்தில் உட்காராத காரணத்தால் அண்ணன் வைத்த பெயர் அது. அண்ணியிடம் வேலைக்குச் சேர்ந்து ஊரார் பின்னால் அலைய ஆரம்பித்ததும், பெயருக்கேற்ற தொழில் அமைந்துவிட்டதாக வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி.

கதவைத் திறந்தவர் ஊரில் பேர்பெற்ற மந்திரக்காரர். மேடையில் பார்க்கும்போது ஆறடி உயரம் போலத் தெரிவார். வீட்டு லுங்கியில் வாலுவின் தோளுக்குத்தான் இருந்தார். அறைக்குள் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்த கண்ணாடிகள், சுருட்டிய வெல்வெட் திரைகள், யாரையும் சட்டை செய்யாத நான்கைந்து புறாக்கள். ஜன்னல் முழுக்கப் பழைய செய்தித்தாள் ஒட்டியிருந்தது. மூலையில் ஒரு கம்ப்யூட்டர், திரை கறுத்துப் போய் இருந்தது.

வரும் வழியில் கூடத்தில் இரண்டு பயணப் பெட்டிகளைத் தாண்டித்தான் வந்தார்கள். ஒன்று மந்திரக்காரரின் மாப்பிள்ளையுடையது, இன்னொன்று மகளுடையது. அவற்றைப் பற்றித்தான் வழக்கே.

மந்திரக்காரர் ஒரு வருஷமாக மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு வித்தையை உருவாக்கியிருந்தார். பெட்டிக்குள் மகள் போவாள், பெட்டியை நான்கு பக்கமும் திறந்து காட்டுவார், மகள் இருக்க மாட்டாள். அடுத்த வாரம் அரங்கேற்றம். அதற்குள் அதே பெட்டியை வைத்து வேறொருவர் மேடையேறிவிட்டார். அந்த வேறொருவர் அவருடைய சொந்தத் தம்பி. இரண்டு பேரும் ஒரு காலத்தில் ஒரே குழுவாக இருந்து, போஸ்டரில் யார் பெயர் மேலே என்று சண்டை போட்டுப் பிரிந்தவர்கள். பேச்சுவார்த்தை நின்று பல வருஷம் ஆகிறது.

வரைபடம் கம்ப்யூட்டரில் மட்டும்தான் இருக்கிறது, அதுவும் பூட்டு மென்பொருள் ஒன்றில், கடவுச்சொல் போட்டுப் பூட்டி. அவரைத் தவிர அதைப் பார்த்த ஒரே ஆள், பெட்டி செய்த மாப்பிள்ளை. ஆகவே மாப்பிள்ளைதான் விற்றுவிட்டார் என்று மாமனார் முடிவு கட்டி, முகத்துக்கு நேராகச் சொல்லியும்விட்டார். மாப்பிள்ளை உடனே துணியை மடிக்கப் போனார். மகள் தன் துணியையும் எடுத்துக் கொடுத்து, சேர்த்தே மடிக்கச் சொல்லிவிட்டாள். பெட்டி இருந்தும் உள்ளே போக ஆள் இல்லை என்ற நிலைமை. வழக்கு முடியும் வரை பொறுங்கள் என்று அண்ணி கேட்டுக்கொண்டதால்தான் இருவரும் இன்னும் வீட்டில் இருந்தார்கள்.

"நேத்து உங்க தம்பி ஷோவுக்குப் போயிருந்தோம்," என்று ஆரம்பித்தார் அண்ணி.

மந்திரக்காரரின் முகம் இறுகியது. நன்றாக இருந்ததா என்று கேட்க வாயெடுத்து, கேட்காமல் விழுங்கிக்கொண்டார்.

"நல்லாத்தான் இருந்துச்சு சார்," என்றான் வாலு. "காலியான பெட்டியைத் திறந்து காட்டினார். கீழே ஒரு கட்டைவிரல் மட்டும் எங்களைப் பார்த்து வணக்கம் சொல்லுச்சு."

மந்திரக்காரர் பொங்கிவிட்டார். தன் பெட்டியில் அப்படி நடக்கவே நடக்காது, ஆள் ஒளிகிற அடித்தட்டை முதலில் குட்டையாகத்தான் வரைந்திருந்தேன், கால் தெரியும் என்று கண்டுபிடித்து நீட்டிவிட்டேன், பழைய படத்தின் மேலேயே புதியதைச் சேமித்தாயிற்று, குட்டைத் தட்டு இப்போது உலகத்தில் எங்குமே கிடையாது என்று மூச்சு விடாமல் சொன்னார்.

"மாப்பிள்ளைக்கு எதைக் காட்டினீங்க?"

"முடிஞ்ச படத்தை. அரைகுறையை நான் யாருக்கும் காட்ட மாட்டேன்."

"காலையில பின்னாடி கொட்டகையில போய் அவர் செஞ்ச பெட்டியை அளந்து பார்த்தேன். தட்டு நீளமா இருக்கு. உங்க தம்பி பெட்டியில குட்டையா இருக்கு. உலகத்துலயே இல்லாத படத்தைப் பார்த்து அவர் எப்படி சார் கட்டினார்?"

கூண்டில் ஒரு புறா மட்டும் ஏதோ அபிப்பிராயம் சொன்னது.

அண்ணி அவரைக் கம்ப்யூட்டரைப் போடச் சொன்னார். மேசைக்கு அடியில் இருந்த சுவிட்சைக் கால் விரலால் தட்டினார் மந்திரக்காரர். அந்த லாவகத்தைப் பார்த்தாலே பல நாள் பழக்கம் என்று புரிந்தது. யாராவது கதவைத் தட்டினால் இப்படித்தான் அணைப்பீர்களா என்று கேட்டதற்குப் பெருமையாகத் தலையாட்டினார். படத்தை மூடி, மென்பொருளை மூடி, கம்ப்யூட்டரை அணைத்துக் கொண்டிருந்தால் அதற்குள் வந்தவர் எட்டிப் பார்த்துவிட மாட்டாரா?

மறைந்திருக்கும் கோப்புகளையும் காட்டும்படி வாலு இரண்டு இடத்தில் தட்டினான். கிட்டத்தட்ட காலியாகத் தெரிந்த ஒரு ஃபோல்டரில் ஈசல் போலக் கோப்புகள் கிளம்பின. எல்லாவற்றுக்கும் வாயில் நுழையாத பெயர். ஒன்றைத் திறந்தான். கடவுச்சொல் கேட்கவில்லை. குட்டைத் தட்டோடு பெட்டி, பளிச்சென்று திரையில் நின்றது.

மந்திரக்காரர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

அண்ணி பொறுமையாக எடுத்துச் சொன்னார். பூட்டிய படத்தைத் திறந்ததும் இந்த மென்பொருள் பூட்டில்லாத ஒரு தற்காலிக நகலைப் பக்கத்தில் போட்டுக்கொள்கிறது. அதில்தான் வேலை நடக்கும். ஒழுங்காக மூடினால் போகும்போது அந்த நகலை அழித்துவிட்டுப் போகும். திடீரென்று மின்சாரத்தைப் பிடுங்கினால் அதற்கு நேரமே கிடைக்காது. மறுபடி திறக்கும்போதாவது பழைய குப்பையைத் தேடிக் கூட்டிப் பெருக்க வேண்டும். எழுதினவர்கள் அதைச் செய்ய மறந்துவிட்டார்கள்.

"யாரும் பார்த்துடக் கூடாதுன்னுதானே அணைச்சேன்," என்றார் மந்திரக்காரர்.

"அதனாலதான் சார் இதெல்லாம் மிச்சம் இருக்கு."

"யானையையே மறைய வெச்சவர் நீங்க," என்று வாலு ஆறுதல் சொல்லப் போனான். அண்ணி பார்த்த பார்வையில் மீதி ஆறுதல் தொண்டையிலேயே நின்றது.

இதைப் பார்க்கக்கூடியவர்கள் வீட்டுக்குள் யார் யார் என்பதுதான் அடுத்த கேள்வி. கம்ப்யூட்டரைத் தொடுகிறவர்கள் மாப்பிள்ளை, மகள், மேடையில் மைக் பிடித்து அறிவிப்புச் செய்யும் மச்சான், அவ்வளவுதான். மச்சான் அதில் சீட்டாடுவார், ஆடித் தோற்பார். மந்திரக்காரர் இன்னமும் மாப்பிள்ளையைத்தான் சொன்னார். மகள் பெயரை எடுத்ததும் எழுந்தே நின்றுவிட்டார். அண்ணி அவரை உட்கார வைத்து, ஒரு தூண்டில் போடலாம் என்றார்.

தூண்டில் இதுதான். வீட்டில் ஒருவர் மட்டும் இருக்கிற நாளாகப் பார்த்து ஒரு போலி வித்தையை வரைய வேண்டும், வரைந்து சுவிட்சை அணைக்க வேண்டும், சாயங்காலம் அந்த நகலைக் கையோடு அழித்துவிட வேண்டும். ஒவ்வொரு வித்தையிலும் வேறு வேறு மிருகம். தம்பி எந்த மிருகத்தைத் தேடிப் போகிறாரோ, அதைப் பார்த்த ஆள் யார் என்று தெரிந்துவிடும்.

வரைகிற பொறுப்பு வாலுவிடம் வந்தது. மாப்பிள்ளை தனியாக இருந்த அன்று கழுதை மறையும் பெட்டியை வரைந்தான். கழுதைக்கு நாலு கால் என்பது ஒன்றைத் தவிர அந்தப் படத்தில் எதுவும் சரியில்லை என்று மந்திரக்காரர் வருத்தப்பட்டார். மச்சானின் முறைக்கு ஒரு வான்கோழி, குடைக்குள்ளிருந்து வருகிற மாதிரி. மகளின் முறைக்கு வெள்ளாடு. மற்றவர்களை வீட்டை விட்டுக் கிளப்புவதற்கு வாலு சொன்ன காரணங்களைக் கேட்டு அண்ணியே காதைப் பொத்திக்கொண்டார். மச்சானை, அவர் குரலை ரயில் நிலைய அறிவிப்புக்குக் கேட்டிருக்கிறார்கள் என்று சொல்லி அனுப்பினான். மனிதர் வெந்நீரில் கொப்பளித்துவிட்டுப் போனார்.

அந்த ஊரில் சினிமாவுக்கும் மேடைக்கும் மிருகங்களை வாடகைக்கு விடுகிற பண்ணை ஒன்றே ஒன்றுதான். வாலு அங்கே கொட்டகை கூட்டுகிற ஆளாகப் போய் நின்றான். பண்ணைக்காரர் அண்ணிக்குத் தெரிந்தவர். தன் மிருகங்களைத் தவிர யாரையும் நம்பாத மனிதர். விளக்குமாற்றைக் கையில் கொடுத்து, நடிக்க வேண்டாம், நிஜமாகவே கூட்டு என்றார்.

வான்கோழிக்கு வாலுவைப் பார்த்த கணத்திலேயே பிடிக்கவில்லை. அவன் கூட்டக் கூட்ட அது பின்னாலேயே வந்து கொத்தியது. ஊரார் பின்னால் போவதையே பிழைப்பாகக் கொண்டவனை முதல் முறையாக ஒரு ஜீவன் பின்தொடர்ந்தது. வைக்கோல் போரைச் சுற்றி இரண்டு பேரும் ஓடிக் கொண்டிருக்கும்போதுதான் தம்பி மந்திரக்காரரின் வண்டி வந்து நின்றது.

வாலு வைக்கோலுக்குள் அப்படியே பதுங்கினான். தம்பி உள்ளே வந்து, பண்ணைக்காரரிடம் ஒரு கழுதை வேண்டும் என்றார்.

கழுதை என்றால் மாப்பிள்ளை. கூடத்தில் நின்ற அந்தப் பயணப் பெட்டிகள் வாலுவின் கண்ணில் வந்தன. மாமனார் சொன்னது சரியாகத்தான் போயிற்றா? அந்தப் பெண்ணின் முகத்தில் எப்படி முழிப்பது? அண்ணிக்குச் சொல்லலாம் என்று ஃபோனை எடுத்தான்.

"அப்புறம் ஒரு வான்கோழி," என்றார் தம்பி.

ஃபோன் பாதி வழியில் நின்றது.

"ஒரு வெள்ளாடும் வேணும். மூணும் ஒண்ணோட ஒண்ணு சண்டை போடாம இருக்குமா?"

வாலு குசுகுசுவென்று விஷயத்தைச் சொன்னான். மூன்று மிருகமும் கேட்கிறார், அப்படியானால் மூன்று பேரும் கூட்டா என்று கேட்டான்.

"மூணு பேரும் இல்ல வாலு. யாருமே இல்ல," என்றார் அண்ணி. "நான்தான் மடத்தனமா யார் பார்த்தாங்கன்னே தேடிட்டிருந்தேன். அந்த நகல் எங்கே போய் உட்காருதுன்னு பார்க்கவே இல்ல. அவரைப் போக விடாதே, வரேன்."

போக விடாமல் நிறுத்துகிற வேலையை வான்கோழி பார்த்துக்கொண்டது. வைக்கோலுக்குள் நுழைந்து வாலுவைக் கொத்தி வெளியே துரத்தியது. அவன் நேராகப் போய்த் தம்பி மந்திரக்காரரின் மேல் விழுந்தான். எழுந்து சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டே, இனி மறைத்துப் பயனில்லை என்று தோன்றியதால், தான் யார், எதற்கு வந்தான் என்பதை மரியாதையாகச் சொன்னான். உங்களுக்கு இந்தப் படங்கள் எப்படிக் கிடைக்கின்றன என்றும் கேட்டான்.

தம்பி கோபப்படவில்லை. மாறாக வெட்கப்பட்டார். மாட்டிக்கொண்ட திருடனின் வெட்கம் அல்ல அது, ரகசியமாக வந்த பரிசைப் பற்றிக் கேட்டால் வருகிற வெட்கம்.

"அண்ணன்தான் அனுப்பறார்," என்றார்.

வாலு வாயடைத்துப் போனான். அது வருஷத்துக்கு ஒரு தரம் நடந்தால் அதிகம்.

தம்பி ஃபோனை எடுத்துக் காட்டினார். சேர்ந்து இருந்த காலத்தில் இரண்டு பேர் கம்ப்யூட்டருக்கும் பொதுவாக இணையத்தில் ஒரு கணக்கு திறந்திருந்தார்கள். ஒருவர் ஒரு ஃபோல்டரில் போட்டது மற்றவருக்கும் தெரியும். பிரிந்த பிறகு அண்ணன் தன் படங்களையெல்லாம் அதிலிருந்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். காலி ஃபோல்டரை மட்டும் தம்பியால் அழிக்க மனசு வரவில்லை. அவ்வப்போது திறந்து பார்ப்பார். சில மாதங்களுக்கு முன்னால் ஒரு நாள் அதில் படங்கள் முளைக்கத் தொடங்கின.

"நேர்ல பேச அவருக்கு ரோஷம். அதான் கோணல்மாணலா ஒரு பேர் வெச்சு, அரைகுறையா வரைஞ்சு, மீதியை நீ கண்டுபிடின்னு போடறார்னு நினைச்சேன். சின்ன வயசுல அப்படித்தான் சொல்லிக் கொடுப்பார். இந்த வாரம் போட்டதையெல்லாம் சாயங்காலமே அழிச்சுட்டார். யாருக்கும் தெரியக் கூடாதுன்னுதானே? நான் உடனே ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்கிட்டேன்."

அழித்தவன் பேச்சை மாற்றி, அந்தப் போட்டோக்களைக் காட்டச் சொன்னான்.

அண்ணி வந்து சேர்ந்தபோது தனியாக வரவில்லை. மாப்பிள்ளை கார் ஓட்ட, பக்கத்தில் மகள், பின் இருக்கையில் மந்திரக்காரர். கிளம்பும் முன் கம்ப்யூட்டரில் அந்த ஃபோல்டரை ஆராய்ந்துவிட்டு, வழியிலேயே அவரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். பூட்டு மென்பொருளைப் போட்ட காலத்தில், தற்காலிக நகலை எங்கே வைக்க என்று அது கேட்டிருக்கிறது, யாரோ அந்தப் பொது ஃபோல்டரைக் காட்டிவிட்டார்கள். அதன் பிறகு அண்ணன் சுவிட்சை அணைத்த ஒவ்வொரு தடவையும் ஒரு நகல் தம்பி வீட்டுக்குப் போய் உட்கார்ந்திருக்கிறது.

தம்பியின் ஃபோனை வாங்கி அண்ணி மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். பெட்டிகளின் படம் மட்டும் இல்லை. பாஸ்போர்ட் இருந்தது, வீட்டுப் பத்திரம் இருந்தது, உயில் என்றே ஒன்று இருந்தது. பத்திரமாக இருக்கட்டும் என்று மந்திரக்காரர் பூட்டி வைத்தது அத்தனையும், அவர் எப்போதோ திறந்து பார்த்த பாவத்துக்குப் பூட்டில்லாமல் கிடந்தது.

"இது வேற ஒருத்தர் கைக்குப் போயிருந்தா உங்க வீடே உங்க பேர்ல இருந்திருக்காது சார்," என்றார் அண்ணி.

மந்திரக்காரர் தம்பியைப் பார்த்தார். "உயிலைப் படிச்சியா?"

"திறக்கலை. வித்தையை மட்டும்தான் எடுத்தேன்." தம்பி தயங்கினார். "நீங்க அனுப்பலையா அண்ணா?"

ஆமாம் அனுப்பினேன் என்று ஒரு பொய் சொன்னால் குடியா மூழ்கிவிடும் என்று வாலு மனசுக்குள் அவரைக் கெஞ்சினான். மேடையில் ஊரையே ஏமாற்றுகிற மனிதருக்கு இந்த ஒரு பொய் வரவில்லை.

"இல்லடா. அது மிச்சம். மெஷின் கூட்டாம விட்ட குப்பை."

தம்பி தலையாட்டினார். முகத்திலிருந்து ஏதோ ஒன்று இறங்கிப் போனது. ஃபோனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, பண்ணைக்காரரிடம் மிருகங்கள் வேண்டாம், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றார். அவர் திரும்பி நடந்தபோதுதான் மந்திரக்காரரின் பார்வை வண்டிக்குப் பின்னால் நின்ற பெட்டியின் மேல் விழுந்தது. கழுதைக்காகத் தம்பி செய்து கொண்டுவந்த பெட்டி.

சுற்றி வந்து பார்த்தார். குனிந்து பார்த்தார். தட்டிப் பார்த்தார்.

"அந்தப் படத்துல கதவு முயல் போற அளவுக்குத்தான் இருந்துச்சு. வரைஞ்சவன் ஒரு அடிமுட்டாள். இதுக்குள்ள எப்படிடா கழுதை போகும்?"

அடிமுட்டாள் வேறு பக்கம் திரும்பிப் புறங்கையில் வான்கோழி கொத்திய இடத்தைத் தடவிக்கொண்டான்.

"கழுதை கதவு வழியா போகாது அண்ணா," என்றார் தம்பி. நடை நின்றுவிட்டது. "நானும் ரொம்ப யோசிச்சேன். மூணு படமும் ஒரே வித்தையோட மூணு பாகம்னு புரிஞ்சதும்தான் பிடிபட்டுச்சு. ஆடும் வான்கோழியும் பார்க்கிறவங்க கண்ணை இழுக்கிறதுக்கு."

மந்திரக்காரர் சட்டைக் கையை முழங்கை வரை மடித்தார்.

"எங்க, காட்டு."

பண்ணைக்காரர் பெட்டியைச் சந்தேகமாகப் பார்த்தபடி கழுதையைக் கொண்டுவந்து நிறுத்தினார். வெள்ளாட்டின் கயிற்றை மகளிடம் கொடுத்தார்கள், வான்கோழியும் குடையும் வேறு வழியில்லாமல் வாலுவின் கைக்கு வந்தன. தம்பி, விலகி நின்ற மாப்பிள்ளையைப் பார்த்துவிட்டு அண்ணனைப் பார்த்தார். ரகசியம் தெரிய வேண்டாம் என்றால் அவரை வெளியே நிற்கச் சொல்லலாமா என்று அந்தப் பார்வை கேட்டது.

"மாப்பிள்ளை," என்றார் மந்திரக்காரர். தொண்டையைச் செருமினார். "பெட்டிக்குப் பின்னாடி வந்து நில்லுங்க. இங்கிருந்து பார்த்தாத்தான் எல்லாம் தெரியும். நாளைக்கு இதை நீங்கதான் செய்யணும். நான் உங்களை அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

"சரி மாமா," என்றார் மாப்பிள்ளை. அவ்வளவுதான் சொன்னார். மகள் ஆட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு முகத்தை அதன் முதுகில் மறைத்துக்கொண்டாள்.

குடை விரிந்தது. வான்கோழி தன் முழு வெறுப்போடும் பறந்து போய் வாலுவின் தலையில் உட்கார்ந்தது. ஆடு கத்தியது. எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பிய நேரத்தில் தம்பி பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றினார், நான்கு பக்கமும் விரிந்து தரையில் படுத்தது. கழுதை இல்லை. கயிறு மட்டும் மண்ணில் கிடந்தது.

அண்ணி தன்னை மறந்து கை தட்டினார். தட்டு எத்தனை நீளம், கீல் எந்தப் பக்கம் என்று அண்ணனும் தம்பியும் ஏற்கெனவே சண்டை போட ஆரம்பித்திருந்தார்கள். கீல் இடது பக்கம்தான் வேண்டும் என்று மாப்பிள்ளை நடுவில் புகுந்து சொன்னார், இரண்டு பேரும் அவர் மேல் பாய்ந்தார்கள்.

பண்ணைக்காரர் விரிந்து கிடந்த பலகைகளைச் சுற்றி நடந்தார். ஒன்றைத் தூக்கி அடியில் பார்த்தார். வேலிக்கு வெளியே எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

"எல்லாம் சரி. என் கழுதை எங்கே?"

அண்ணனும் தம்பியும் சண்டையை நிறுத்தி, இத்தனை வருஷத்துக்குப் பிறகு ஒரே நேரத்தில் திரும்பினார்கள்.

"அதைச் சொல்லக் கூடாது," என்றார்கள் இருவரும்.